பெட்டிப் பலகையும் தேயிலை ஸ்டோரும்

தேயிலைப் பெட்டியின் ஒரு பக்கப் பலகை நான்கு, ஐந்து மில்லிமீற்றர் தடிப்புத்தான். அப்படி ஆறு பலகைகளை எடுத்து, மூலைக்குச் சட்டம் வைத்து, விளிம்புக்குத் தகரம் அடித்து, உள்ளே ஈயத்தாள் விரித்து ஐம்பது கிலோ அளவில் தேயிலையைக் கொட்டினார்கள். பொகவந்தலாவையில் லொறி ஏறிய அந்தப் பெட்டி ரயில், கொழும்புக் களஞ்சியம், துறைமுகத்துப் படகு, கப்பலின் அடித்தட்டு என்று கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தது. வழியில் அதைத் தூக்கியவர்கள் யாரும் பக்குவமாக இறக்கி வைத்திருக்க மாட்டார்கள். அதே தடிப்பில் சாதாரண மரத்தை அறுத்துப் பெட்டி செய்திருந்தால் கொழும்பு போவதற்குள் பிளந்து, பாதித் தேயிலை தண்டவாளத்தில் கிடந்திருக்கும்.

மலைநாட்டில் முன்பு இந்தப் பலகையைத் தொடாதவர்கள் குறைவு. கழித்துவிட்ட பெட்டிகள் லயங்களுக்கு வந்தன. காம்பராவை இரண்டாகப் பிரிக்கும் தடுப்பு, கோழிக்கூட்டுக் கதவு, சாமிப்படத் தட்டு, இஸ்தோப்பில் மழைச்சாரலுக்கு மறைப்பு என்று எல்லாவற்றுக்கும் அதுதான் பலகை. பி.ஓ.பி. என்ற தேயிலைத் தர எழுத்தும் தோட்டத்தின் பெயரும் தலைகீழாக நிற்கும் சுவர்கள் அதனால்தான் உண்டாயின. ஆனால் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் அந்தப் பெட்டியை அடித்தவருக்கும், வீட்டில் அதைப் பிரித்துத் தட்டு செய்தவருக்கும், அந்தப் பலகை எங்கே, எப்படி உருவானது என்று கேட்க வேண்டிய தேவை வரவில்லை. பலகைத் தொழில் என்று ஒன்று உலகம் முழுவதும் இருக்கிறது. அதில் படிப்பும் பயிற்சியும் சம்பளமும் உண்டு. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதில் ஒரு இயல்பான முன்னிலை உண்டு என்பது என் எண்ணம். அதற்குக் காரணம் சொல்ல முதலில் அந்த ஐந்து மில்லிமீற்றருக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

மரம் என்பது நீளவாக்கில் நெருங்கி நிற்கும் நுண்ணிய குழாய்களின் கட்டு. குழாய்ச் சுவர்களில் செல்லுலோஸ் இழைகள் பெரும்பாலும் மரம் வளரும் திசையிலேயே ஓடுகின்றன. அந்தத் திசையில் இழுத்தால் மரம் அசாத்தியமாகத் தாங்கும். குறுக்கே இழுத்தால் கைவிட்டுவிடும். விறகு பிளப்பவருக்கு இது தெரிந்த விஷயம். கோடரியைக் குறுக்கே போடுகிற மடையன் எந்தத் தோட்டத்திலும் இல்லை.

ஈரத்திலும் மரத்துக்கு இதே ஓரவஞ்சனை உண்டு. பச்சை மரம் காயும்போது முதலில் குழாய்களின் உட்குழிவில் நிற்கும் தண்ணீர் போகிறது. அதுவரை மரத்தின் அளவு மாறாது. காய்ந்த மரத்தின் நிறையோடு ஒப்பிட்டால் ஈரம் சுமார் 30 சதவீதத்துக்கு இறங்கும்போதுதான் கதை தொடங்குகிறது. அப்போது சுவர்களுக்குள்ளேயே பதுங்கியிருந்த தண்ணீர் வெளியேறுகிறது, சுவர் மெலிகிறது, மரம் ஒடுங்குகிறது. வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில் 8 சதவீதம் வரை ஒடுங்கும். நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கிய திசையில் ஏறக்குறைய அதில் பாதி. நீளவாக்கில் ஆயிரத்தில் ஒன்று, இரண்டு பங்குதான். அரை மீற்றர் அகலப் பலகை ஒன்று முழுதாகக் காய்ந்தால் அகலத்தில் நான்கு சென்ரிமீற்றர் வரை போய்விடலாம். அதே அரை மீற்றர் நீளவாக்கில் இருந்தால் ஒரு மில்லிமீற்றரைத் தாண்டாது. கதவு கோணுவதும் மேசை வெடிப்பதும் இந்த வித்தியாசத்தால்தான்.

தேயிலைப் பெட்டியின் பலகையான ஒட்டுப்பலகை இந்தக் குறையையே ஆயுதமாக்குகிறது. மூன்று மெல்லிய மரத்தாள்களை எடுத்து, நடுவில் உள்ளதை மட்டும் குறுக்காகத் திருப்பி ஒட்டுகிறார்கள். வெளித் தாள் அகலத்தில் ஒடுங்கப் பார்க்கும்போது நடுத்தாளின் நீளத்திசை குறுக்கே நின்று விடமாட்டேன் என்கிறது. நடுத்தாள் ஒடுங்கப் பார்த்தால் வெளியிலிருப்பவை தடுக்கின்றன. மொத்தப் பலகையின் அசைவு ஒரு சதவீதத்துக்கும் கீழே வந்துவிடுகிறது. பிளக்கவும் முடியாது, ஏனென்றால் பிளவு எந்தத் திசையில் ஓடினாலும் ஒரு தாள் குறுக்கே படுத்திருக்கிறது. அடுக்குகள் ஒற்றைப்படையில் இருப்பதற்கும் காரணம் உண்டு. நடுவிலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரேமாதிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பலகை ஒரு பக்கமாக வளைந்துகொள்ளும்.

மரத்தாள் எடுக்கும் விதம் ஒரு வேடிக்கை. உருளைக் கட்டையை வெந்நீரிலோ நீராவியிலோ ஊறவைத்து மிருதுவாக்கி, கடைசல் இயந்திரத்தில் மாட்டிச் சுழற்றுகிறார்கள். கட்டையின் நீளத்துக்கு ஒரு கத்தி வந்து அழுத்துகிறது. சுருட்டிய பாயை விரிப்பதுபோல கட்டை அவிழ்ந்து தாளாக வருகிறது. இதற்கு வெனீர் என்று பெயர். 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒரு கட்டையை நடுவில் 10 சென்ரிமீற்றர் மிஞ்சும்வரை ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்பில் உரித்தால் ஏறத்தாழ 42 மீற்றர் நீளத் தாள் கிடைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அச்சில்லாமல் உருளைகளே கட்டையைப் பிடித்துச் சுழற்றும் புதிய இயந்திரங்கள் நடுக்கட்டையை 5 சென்ரிமீற்றர் வரை உரித்துவிடுகின்றன. மெலிந்த மரத்தையும் விடாமல் ஒட்டுப்பலகையாக்க இதனால் வழி பிறந்தது.

தேயிலை இல்லாவிட்டால் இந்தத் தொழில் இவ்வளவு வேகமாக வளர்ந்திருக்குமா என்பது சந்தேகம். 1873 இல் லண்டனுக்குப் போன முதல் இலங்கைத் தேயிலை 23 இறாத்தல், ஒரு பெட்டியின் கால் பங்கு. அடுத்த கால் நூற்றாண்டில் ஆண்டு ஏற்றுமதி பத்துக் கோடி இறாத்தலைத் தாண்டியது. வருடத்துக்கு ஏறக்குறைய பத்து லட்சம் பெட்டி என்று வைத்துக்கொள்ளலாம். இந்தியத் தேயிலை வேறு. அவ்வளவு பெட்டிக்கும் மரம் இலகுவாக இருக்க வேண்டும். பால்டிக் கரையில் இன்றைய எஸ்தோனியாவின் தலைநகரான தாலினில் லூதர் குடும்பத்து ஆலை கதிரை இருக்கைகளுக்காக பேர்ச் மரத்தில் ஒட்டுப்பலகை செய்துகொண்டிருந்தது. 1890-களில் அவர்கள் ஈரத்தைத் தாங்கும் பசையைக் கண்டுபிடித்தார்கள். லண்டனில் வெனஸ்டா என்ற நிறுவனம் அந்தப் பலகையை வாங்கித் தேயிலைப் பெட்டியாக விற்றது. அதே வெனஸ்டா பெட்டிகளில்தான் துருவப் பயணி ஷாக்கிள்டன் 1907 இல் அண்டார்க்டிகாவுக்குச் சாமான் கட்டிக்கொண்டு போனார். 1908 இல் அங்கேயே பனிக்குள் உட்கார்ந்து ஒரு புத்தகம் அச்சிட்டு, பெட்டிப் பலகையை அறுத்து அட்டையாகத் தைத்தார்கள். சில பிரதிகளின் அட்டையில் 'பட்டர்' என்ற முத்திரை இன்றும் தெரிகிறது. லயத்துச் சுவரின் பி.ஓ.பி.க்கு அது சொந்தக்காரன்.

பசைதான் பெரிய தலைவலியாக இருந்தது. ஆரம்பத்தில் பாலிலிருந்து எடுத்த கேசீன், மாட்டிரத்தம் போன்றவற்றில் செய்த பசைகள் புழங்கின. அவை ஈரம் கண்டால் பூஞ்சணம் பிடித்து நாறும். தேயிலையோ அக்கம்பக்கத்து வாடை எதையும் உறிஞ்சிக்கொள்ளும் பொருள். கொழும்பிலும் லண்டனிலும் சுவை பார்ப்பவர்கள் ஒரு மடக்கு உறிஞ்சித் துப்பிவிட்டு, தேயிலையில் குறையில்லை, பெட்டிப் பலகை கெடுத்துவிட்டது என்று சொல்லிவிடுவார்கள். ஸ்டோரில் ஒரு மாதம் பட்ட பாடு ஒட்டியவனின் பசையால் போனது. பின்னால் செயற்கைப் பிசின்கள் வந்துதான் இந்த வாடை அடங்கியது. இந்தியத் தர நியமங்களில் 1 ஆம் இலக்கம் தேசியக் கொடி. 10 ஆம் இலக்கம் ஒட்டுப்பலகைத் தேயிலைப் பெட்டி. அந்தப் பலகைக்கு அவ்வளவு மதிப்பு.

இலங்கை தன் பெட்டிப் பலகையைத் தானே செய்ய முயன்றதற்கு இரண்டாம் உலகப் போர் காரணம். கப்பல்கள் வராத காலத்தில் காலிக்கு அருகே கிந்தோட்டையில் அரசாங்கம் ஒட்டுப்பலகை ஆலை ஒன்றை அமைத்தது. பிறகு அது கூட்டுத்தாபனமாகியது. தெற்கின் ஈரக்காடுகளிலிருந்து மரம் வந்தது. பசி பெருகியபோது கொஸ்கமையில் இரண்டாவது பெரிய ஆலை எழுந்தது. ஹற்றனிலிருந்து அவிசாவளை வழியாகக் கொழும்புக்கு இறங்கும் பஸ் அந்த ஊரைக் கடந்துதான் போகிறது. அந்த ஆலைக்குத் தீனிபோட 1970-களின் தொடக்கத்தில் சிங்கராஜாவில் இயந்திரம் வைத்து மரம் வெட்டத் தொடங்கினார்கள். நாட்டில் எஞ்சியிருந்த மழைக்காட்டில் முக்கியமானது அது. இயற்கை ஆர்வலர்கள் விடாமல் எதிர்த்தார்கள். 1977 இல் வெட்டு நின்றது. 1988 இல் சிங்கராஜா உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது. நம்முடைய தேயிலையை நனையாமல் கொண்டுபோக, திரும்ப உண்டாக்க முடியாத காடு ஒன்றைப் பலகையாக்கப் பார்த்தோம் என்பதை மலைநாட்டு வரலாறு எழுதுகிறவர்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு பெட்டியின் காலம் அதிக நாள் நீடிக்கவில்லை. கொள்கலன் கப்பல்கள் வந்தபின் பலமடிப்புக் காகிதச் சாக்கு போதுமென்றாகியது. 1994 இல் தேயிலைச் சாக்குக்குச் சர்வதேச நியமமே வந்துவிட்டது. ஸ்டோரில் பெட்டியடித்தவரின் சுத்தியல் ஓய்ந்தது.

பலகைத் தொழில் ஓயவில்லை, உருமாறியது. இப்போது ஹற்றன் கடைத்தெருவில் வாங்கும் அலுமாரியும் கட்டிலும் பெரும்பாலும் எம்.டி.எஃப். எனும் இழைப்பலகை அல்லது துகள்பலகை. ஹொரணையில் மலேசிய முதலீட்டில் வந்த மெர்பொக் ஆலை றப்பர் மரத்தை எம்.டி.எஃப். ஆக்கியது. பால் வற்றி, இருபத்தைந்து முப்பது வருடத்தில் வெட்டி எறியும் மரம் அது. முன்பு விறகுக்குப் போனது. கட்டையைச் சில்லுகளாக்கி, அழுத்த நீராவியில் வேகவைத்தால் இழைகளை ஒட்டிவைத்திருக்கும் லிக்னின் இளகிவிடும். அந்தச் சில்லைச் சுழலும் தட்டுகளுக்கிடையே அரைத்தால் மரம் பஞ்சுபோல் இழையாகப் பிரிகிறது. பிசின் தெளித்து, நீண்ட குழாயில் சூடான காற்றோடு ஊதி, ஒருசில விநாடியில் உலர்த்தி, மெத்தையாகப் பரப்பி, 180 பாகைக்கு மேல் சூட்டில் அழுத்துகிறார்கள். இழைகளுக்கு இனித் திசையே கிடையாது. ஒட்டுப்பலகை தாளைத் திருப்பிச் சாதித்ததை இங்கே இழைகளைக் கலைத்துச் சாதிக்கிறார்கள். ஒரு பலவீனமும் உண்டு. இதில் பெரும்பாலும் போடும் யூரியா பிசின் ஈரத்தில் மெல்ல மெல்ல உடைந்துவிடும். நுவரெலியாப் பனியில் ஒரு மாரிகாலம் கண்ட மலிவு அலுமாரியின் அடிப்பலகை ஊதிப்போவது இதனால்தான். கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

பலகை ஆலை வேலையை எல்லோரும் தச்சு வேலையின் பெரிய வடிவம் என்று நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அது உலர்த்தும் தொழில்.

தேயிலை ஸ்டோரில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நூறு கிலோ கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். வாட்டும் தொட்டியில் காற்றூதி அதில் ஒரு பகுதியை எடுக்கிறார்கள். உருட்டி, புளிக்கவைத்து, டிரையரில் 90 பாகைக்கு மேற்பட்ட சூட்டுக் காற்றில் இருபது நிமிடம் போல ஓடவிட்டு ஈரத்தை 3 சதவீதத்துக்கு இறக்குகிறார்கள். வெளியே வருவது இருபத்தொன்று, இருபத்திரண்டு கிலோ. சூடு கூடினால் தேயிலை தீய்ந்த வாடை அடிக்கும். வெளிப்பக்கம் சட்டென்று காய்ந்து உள்ளே ஈரம் நின்றாலும் கெட்டது. சூடு குறைந்தால் சாக்கிலேயே பூஞ்சணம் பிடிக்கும். டீமேக்கர் டிரையர் வாயில் கையளவு தேயிலையை அள்ளி உள்ளங்கையில் நெரித்து, மூக்கருகே கொண்டுபோய், ஹீட்டர்க்காரருக்கு விறகைக் குறைக்கச் சொல்லுவார். கருவி பிறகுதான் அதை உறுதிப்படுத்தும்.

இனி வெனீர் டிரையருக்கு வாருங்கள். சங்கிலிப் பாதை, சூட்டுக் காற்று, விறகுக் கொதிகலன். ஈரத்தை 5 முதல் 8 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதிகமாகக் காய்ந்தால் தாளின் மேற்பரப்பு செத்துப்போய் பசையை உள்ளே விடாது. ஈரம் மிஞ்சினால் சூட்டு அழுத்தியில் அந்த ஈரம் நீராவியாகிப் போக்கிடமில்லாமல் சிக்கிக்கொள்ளும். அழுத்தியைத் திறந்த கணத்தில் பலகை பட்டென்று வெடித்து, நடுவில் கொப்புளம் எழும்பும். அந்தச் சத்தம் கேட்டால் அனுபவஸ்தர் பலகையைப் பார்க்க மாட்டார், டிரையர்ப் பக்கம் திரும்பிப் பார்ப்பார். எம்.டி.எஃப். ஆலையிலும் இதே பிரச்சினை, இதே பயம். சூடு, காற்று, ஈரம் மூன்றையும் மனதுக்குள் ஒரே கணக்காக வைத்திருக்கிற ஆள்தான் அங்கே அருமை. அப்படிப்பட்ட ஆட்களை மலைநாட்டு ஸ்டோர்கள் நூற்றைம்பது வருடமாக உருவாக்கி வந்திருக்கின்றன.

மூலப்பொருளும் தூரத்தில் இல்லை. தோட்டங்களில் டர்பன்டைன் என்று சொல்லும் யூக்கலிப்டஸ் இனங்கள், சவுக்கு என்று சொல்லும் சில்வர் ஓக், கொஞ்சம் கீழே இறங்கினால் அல்பீசியா. யூக்கலிப்டஸில் ஒரு வில்லங்கம் உண்டு. வேகமாக வளர்ந்த மரத்துக்குள் இறுக்கம் சேர்ந்திருக்கும். வெட்டி விழுத்தியதும் கட்டையின் முனைகள் நட்சத்திரம்போல் பிளக்கும். அதை எப்படி அடக்கி உரிப்பது என்பதே தனிக் கலை. சீனாவின் குவாங்சியில் அதைப் பழகிக்கொண்டு பெருந்தொழிலாக்கிவிட்டார்கள்.

இந்தத் தொழிலின் கைத்திறன் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அசாம் ஒரு நல்ல சாட்சி. இந்தியாவில் ஒட்டுப்பலகைத் தொழில் வேரூன்றியது அங்குதான், அதுவும் தேயிலைப் பெட்டிக்காக. 1996 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் காட்டு மரம் வெட்டுவதை இறுக்கிப் பிடித்தபோது வடகிழக்கின் பல ஆலைகள் மூடப்பட்டன. கத்தி பிடிக்கவும் அழுத்தியை இயக்கவும் தெரிந்த தொழிலாளர்கள் கேரளத்தின் பெரும்பாவூருக்கு வந்தார்கள். அங்கே றப்பர் மரத்தை நம்பி நூற்றுக்கணக்கான ஒட்டுப்பலகை ஆலைகள் எழுந்திருந்தன. நாட்டின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு அவர்களைக் கொண்டுவந்தது கைத்தொழில். ஆனால் கையில் ஒரு சான்றிதழும் இல்லாமல் வந்தவர்கள், முதலாளி சொன்ன சம்பளத்துக்குத்தான் நின்றார்கள்.

ஆலையில் என்னென்ன வேலை? கட்டையைத் தரம் பிரிப்பவர், கடைசல் இயந்திரம் பிடிப்பவர், டிரையர் பார்ப்பவர், பசை கலப்பவர், அழுத்தி இயக்குபவர், முடிந்த பலகையைத் தட்டிப் பார்த்துத் தரம் போடுபவர். கத்தி தீட்டுபவரைத் தனியாகச் சொல்ல வேண்டும். கத்தியின் கோணம் ஒரு பாகை பிசகினால் தாளின் உட்பக்கம் முழுக்க நுண்வெடிப்பு விழும் என்பதால் அவருக்கு மதிப்பு அதிகம். கொதிகலன் இயக்குபவருக்கும் மின்னியலாளருக்கும் எந்த ஆலையிலும் வேலை உண்டு. ஆய்வுகூடத்தில் பலகைத் துண்டைக் கொதிநீரில் போட்டு ஒட்டுப் பிரிகிறதா என்று சோதிப்பவர், பிசினிலிருந்து கசியும் ஃபோமல்டிஹைட்டை அளப்பவர் ஆகியோர் கொஞ்சம் இரசாயனம் படித்திருக்க வேண்டும். ஆபத்தையும் மறைக்கக் கூடாது. கத்தியும் அழுத்தியும் விரலைக் கேட்கும். மரத்தூசியையும் ஃபோமல்டிஹைட்டையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்தியிருக்கிறது. தூசி உறிஞ்சியும் முகக்கவசமும் இல்லாத ஆலைக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

இலங்கையில் இதற்கு ஏணி இருக்கிறது. என்.வி.கியூ. எனும் தேசியத் தொழிற்தகைமை ஏழு படிகள் கொண்டது. முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். சாதாரண தரத்தோடு நின்ற பிள்ளை தொழிற்பயிற்சி அதிகார சபை நிலையமொன்றில் இயந்திரப் பராமரிப்போ மின்னியலோ மரவேலையோ தொடங்கலாம். பயிலுநர் பயிற்சிக்கான அதிகார சபை ஊடாக ஆலைக்குள்ளேயே வேலை பழகலாம். இரத்மலானையில் 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் இந்த ஏணியின் உச்சிக்கென்றே அமைந்தது. உயர்தரத்தில் விஞ்ஞானம் எடுத்தவர்களுக்கு ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தின் வனவியல் துறை மரவிஞ்ஞானத்துக்கு நேர்வழி. பெங்களூரில் 1962 இல் தொடங்கிய ஒட்டுப்பலகை ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனம் இந்தத் துறைக்கென்றே ஓராண்டுப் பட்டமேல் டிப்ளோமா நடத்திவந்திருக்கிறது. பட்டம் முடித்தவர்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. மூன்றாம்நிலைத் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் முறையில், வகுப்புக்கே போகாமல் வேலையில் கற்றுக்கொண்டவரின் திறமையைப் பரீட்சித்துச் சான்றிதழ் தரும் ஏற்பாடு ஒன்று உண்டு. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று சொல்வார்கள். ஸ்டோரில் பத்து வருடம் ஹீட்டருக்கு முன்னால் நின்றவர், மோட்டர் பழுது பார்த்தவர், தோட்டத்து மரவேலை செய்தவர் ஆகியோர் தங்கள் தொழிலுக்கு நியமம் இருந்தால் அதில் விண்ணப்பிக்கலாம். சம்பளச் சீட்டையும் துரையின் கடிதத்தையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டாளர் முதலில் கேட்பது பாடசாலைப் புள்ளியை அல்ல, செய்த வேலைக்கான அத்தாட்சியை. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் அடுத்த முறை ஹற்றன் டவுனுக்கு இறங்கும்போது பக்கத்துப் பயிற்சி நிலையத்தில் ஏறி, விண்ணப்பப் படிவம் ஒன்றைத் தமிழில் கேட்டு வாங்கி வாருங்கள்.